தோட்டத்துக்கு ஒரு புனைபெயர்

சுங்கைப் பட்டாணியிலிருந்து பீடோங்கை நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நிரைநிரையாக நின்றன. அச்சாலையை அடுத்த தோட்டமொன்றின் லயத்து வீட்டில், 1995ஆம் ஆண்டின் ஒரு மாலைப்பொழுதில், பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதம் ஒன்று மேசைமீது விரிந்து கிடந்தது. அவ்வீட்டின் மூத்த மகளுக்குச் சமூகவியலில் முதுகலை ஆய்வு மேற்கொள்ள இடம் கிடைத்திருந்தது. கடிதம் மலாய்மொழியில் இருந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட அன்னையார் அதனைத் தொட்டுப் பார்த்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"சமூகவியல்னா என்னா பாப்பா? சமூக சேவையா?"

"இல்லம்மா. சனங்க எப்படி வாழறாங்கன்னு ஆராய்ச்சி பண்றது."

"அதுக்கு ஆராய்ச்சி வேறயா? நாமதான் வாழ்ந்துக்கிட்டு இருக்கமே!"

மகள் சிரித்துவிட்டார். ஆனால் அன்னையார் விளையாட்டாகக் கேட்கவில்லை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, அடுத்ததாக அவர் கேட்டது சம்பளத்தைப் பற்றி. இப்படிப்பை முடித்தால் யார் வேலை தருவார், எவ்வளவு தருவார் என்பது அவர் கேள்வி. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையேல் அன்றைய கூலி இல்லை. இந்தக் கணக்கிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்த ஒருவர் அவ்வாறு கேட்டதில் தவறு காண்பதற்கில்லை.

அவ்வட்டாரத் தமிழர் பெரிதும் விரும்பும் கல்வி எதுவென்பதற்குச் சான்று அங்கேயே பின்னர் எழுந்தது. இந்திய சமூகத்தின் முயற்சியால் 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, பீடோங்கை அடுத்த செமெலிங்கில் வளாகம் கொண்ட ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னவுடன் பெற்றோரின் நினைவுக்கு வருவது மருத்துவம்தான். மகனோ மகளோ டாக்டராக வேண்டும். இயலாவிடில் வழக்கறிஞராக வேண்டும். அதுவும் இயலாவிடில் ஆசிரியராகலாம். வறுமையிலிருந்து விரைவில் கரையேற அறிந்திருந்த படகுகள் அவை மூன்றே. சமூகவியல் என்ற படகை அவர்கள் கண்டதில்லை. கண்டிராத படகில் பிள்ளையை ஏற்ற எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்?

எனினும் அன்னையார் தடை சொல்லவில்லை. மகள் சுங்கைப் பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த் வரை பேருந்திலும், அங்கிருந்து கடலைக் கடக்கப் பெரிப் படகிலும், பின்னர் மறுபடியும் பேருந்திலும் சென்று, மிண்டெனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1969இல் நிறுவப்பெற்ற அப்பல்கலைக்கழகத்தின் பெயரில் அறிவியல் இருப்பினும், சமுதாயத்தைப் பற்றிய கல்விக்கும் அங்கே இடம் உண்டு.

இளங்கலைப் படிப்பு வேறு, முதுகலை ஆய்வு வேறு என்பதை அவர் முதல் மாதத்திலேயே உணர்ந்தார். இளங்கலையில் மார்க்ஸ், டர்க்கைம், வெபர் ஆகிய மூவர் கூறியவற்றைக் கற்றுத் தேர்வில் எழுதினால் போதும். முதுகலையிலோ பிறர் கூறியதைத் திரும்பக் கூறுவோர்க்கு இடமில்லை. தமக்கென ஒரு வினாவைத் தாமே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு விடை காணும் வழியை வகுத்து, பேராசிரியர்கள் முன் நின்று அவ்வழி சரியானதென வாதிட வேண்டும். களத்துக்குச் சென்று மாதக்கணக்கில் மக்களோடு பழக வேண்டும். திரும்பி வந்து எழுத வேண்டும். இறுதியில் வாய்மொழித் தேர்வில் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்க வேண்டும். இவற்றுள் வினாவைக் கண்டுபிடிப்பதே மிகக் கடினம். தமக்குத் தெரிந்ததெல்லாம் தோட்டம் ஒன்றுதான், அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அவர் மேற்பார்வையாளரிடம் முறையிட்டார். நூலகத்துக்குச் சென்று தேடிப் பார்க்குமாறு பதில் வந்தது.

நூலகத்தில் அவர் கண்டது ஒரு வியப்பு. அவரது வாழ்க்கை ஏற்கெனவே ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. ரவீந்திர ஜெயின் என்ற இந்திய மானிடவியலாளர் 1960களின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டமொன்றில் தங்கி ஆராய்ந்து, 1970இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளியிட்ட நூல் அங்கிருந்தது. கெர்னியல் சிங் சாந்து 1969இல் எழுதிய மலாயா இந்தியர் வரலாறும், யாழ்ப்பாணத்தில் பிறந்த சின்னப்பா அரசரத்தினம் 1970இல் எழுதிய நூலும் அருகிலேயே இருந்தன. காலையில் பெரட்டுக்கு நிற்பது, கிராணி பெயர் கூப்பிடுவது, ஆயாக்கொட்டகையில் குழந்தையை விட்டுவிட்டு நிரைக்கு ஓடுவது ஆகியவற்றைத் தம் வீட்டுச் சங்கதிகள் என்றே அவர் எண்ணியிருந்தார். அவை யாவும் உலகின் ஏதோ ஒரு மூலையில் மாணவர் படித்துத் தேர்வெழுதும் பொருளாகியிருந்தன. பெருமையும் கூச்சமும் ஒருங்கே எழுந்தன. தம் வீட்டுச் சமையலறையைத் தெருவிலிருந்து யாரோ எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனது போன்ற கூச்சம் அது.

ஆனால் அக்கூச்சத்தினூடே ஒரு வெளிச்சமும் வந்தது. எர்விங் கோஃப்மன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1961இல் 'முழுமை நிறுவனம்' என்றொரு கருத்தை விளக்கினார். உறங்குவது, உழைப்பது, பொழுதுபோக்குவது ஆகிய மூன்றையும் வெளியுலகில் மனிதன் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு மனிதரோடு செய்கிறான். மனநல மருத்துவமனையிலும் சிறையிலும் படைமுகாமிலும் இம்மூன்றும் ஒரே வேலிக்குள், ஒரே அதிகாரத்தின் கீழ் நடைபெறுகின்றன. தோட்டத்தை ஆராய்ந்தோர் இக்கருத்தை அதற்கும் பொருத்திப் பார்த்தனர். வேலை தருபவர் துரை, வீடு துரையுடையது, பள்ளிக்கு இடம் தந்தவர் துரை, மருந்தகமும் கள்ளுக்கடையும் அவர் எல்லைக்குள்ளேயே, கோயில் திருவிழாவுக்கும் அவர் அனுமதி வேண்டும். வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் பள்ளியும் கோயிலும் உறவும் போகும். தம் தந்தையார் கிராணியிடம் ஒருமுறையேனும் எதிர்த்துப் பேசாததை இளமையில் கோழைத்தனம் என்று எண்ணியிருந்த அம்மகள், அப்பக்கத்தைப் படித்தபின் நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தார். சமூகவியல் என்ன சம்பளம் தரும் என்பது அன்று அவருக்குத் தெரியவில்லை. தந்தையாரைப் புரிந்துகொள்ள உதவியது என்பது மட்டும் தெரிந்தது.

இதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கது சையத் ஹுசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூல். இப்பகுதியின் மக்களைச் சோம்பேறிகள் என்று காலனி ஆட்சியாளர் எவ்வாறு ஒரு கட்டுக்கதையைப் புனைந்தனர், அக்கதை யாருக்குப் பயன்பட்டது என்பதை அவர் ஆராய்ந்தார். மலாய்க்காரருக்குச் சோம்பல் என்ற முத்திரை குத்திய அதே கை, தமிழருக்கு அடக்கமானவர் என்ற முத்திரையைக் குத்தியது. இரண்டாவது முத்திரை பாராட்டுப் போலத் தோன்றுவதால் அதைத் தமிழர் பலர் தாமே விரும்பி அணிந்துகொண்டனர் என்பதுதான் வேதனை.

அடக்கமானவர் என்ற அக்கதையைப் பொய்யாக்கும் சான்று பீடோங்கிலேயே கிடைத்தது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை என்ற இயக்கம் எழுந்தது. ஏ. எம். சாமி என்பவர் தலைமையில், ஹார்வர்ட் தோட்டத்தை நடுவிடமாகக் கொண்டு, இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி செய்தனர். கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தனர். தொழிலாளரின் தன்மானத்துக்காகக் குரல் கொடுத்தனர். 1947இல் காவல்துறையோடு மோதல்கள் நேர்ந்தன, உயிரிழப்பும் கைதுகளும் நிகழ்ந்தன, இயக்கம் ஒடுக்கப்பட்டது. மைக்கேல் ஸ்டென்சன் என்ற வரலாற்றாசிரியர் 1970இல் வெளியிட்ட நூலில் இவற்றை எழுதியுள்ளார். அதே சாலையில் பத்தொன்பது வயது வரை பள்ளிக்குச் சென்றுவந்த ஒரு தமிழ்ப்பெண், தம் ஊரின் போராட்டத்தை அயல்நாட்டார் ஒருவர் எழுதிய நூலின் வழியே முதன்முதலாக அறிந்தார். ஊரில் யாரும் அதைச் சொல்லித் தந்ததில்லை.

வினா அப்போதுதான் அவருக்குக் கிடைத்தது. தோட்டம் கைமாறப் போகிறது, மரங்களை அழித்து வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது என்ற பேச்சு அவ்வேளையில் அடிபட்டது. தோட்டம் போனபின் தோட்டத்து மக்களை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது எது? இதனையே அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். களம் தம் சொந்தத் தோட்டமே.

சொந்த ஊரில் ஆய்வு செய்வது எளிது என்று எண்ணுவோர் உண்டு. அது முற்றிலும் தவறு. வினாத்தாளும் ஒலிப்பதிவுக் கருவியுமாக அவர் முதன்முதலில் சென்றது ஐந்தாம் லயத்துப் பாட்டி ஒருவரிடம்.

"பாட்டி, நீங்க எந்த வருசம் இந்தத் தோட்டத்துக்கு வந்தீங்க?"

"ஏன்டி, நீ அந்தக் கடைசி வீட்டுப் புள்ளதானே? உங்க ஆத்தாளக் கேளு, சொல்லுவா. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே எங்கிட்ட வந்து தெரியாத மாதிரி கேக்கிறியே!"

அயலாருக்கு விளக்கமாகச் சொல்லப்படும் செய்தி, உள்ளூர்ப் பெண்ணுக்குச் சொல்லப்படுவதில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்ற எண்ணம் ஒருபுறம். அவள் போய் வீட்டில் சொல்லிவிடுவாள் என்ற அச்சம் மறுபுறம். சாதியைப் பற்றிய வினாக்களில் இது உச்சத்தை எட்டியது. மலேசியத் தமிழரிடையே சாதி உணர்வு பற்றி இராஜகிருஷ்ணன் இராமசாமி 1984ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் எழுதினார். ஆனால் தோட்டத்தில் அவ்வினாவைக் கேட்டால், இங்கே அதெல்லாம் கிடையாது என்ற ஒரே விடை ஒவ்வொரு வீட்டிலும் வந்தது. அதே வீடுகளில் திருமணப் பேச்சு நடக்கும்போது வேறு விதமாகப் பேசப்படுவதை அவர் சிறுவயதுமுதல் கேட்டு வளர்ந்தவர். அறிந்ததை எழுதுவதா, சொன்னதை எழுதுவதா? இரண்டையும் எழுதி, இரண்டுக்கும் இடையே உள்ள மௌனத்தையும் எழுத வேண்டும் என்பதே அத்துறை கற்பிக்கும் ஒழுங்கு. கேட்பதற்கு எளிது, பாட்டியின் முகத்தைப் பார்த்தபடி செய்வது எளிதன்று.

மொழியும் ஒரு சிக்கலாயிற்று. பேட்டிகள் தமிழில், ஆய்வேடு மலாயில், மேற்கோள் நூல்கள் ஆங்கிலத்தில். பெரட்டு என்பதைக் காலைக் கணக்கெடுப்பு என்று பெயர்த்தால், அதிகாலை இருட்டில் கிராணியின் விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக நிற்கும் உடல்களின் நடுக்கம் அதில் இல்லை. மங்கு, காண்டாக் கம்பு, தீம்பார், தண்டல் என்று சொல்லுக்குச் சொல் அவர் தடுமாறினார். இறுதியில் ஆய்வேட்டின் பின்னிணைப்பாகத் தோட்டத்துச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தொகுத்து, எதிரே மலாய் விளக்கம் தந்தார். தமிழ் கற்றோர்க்கு இத்துறையில் கிடைக்கும் தனிச்சொத்து இதுவே. ஆங்கிலம் மட்டும் அறிந்த ஆய்வாளர் மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியே கேட்பதை, தமிழறிந்தவர் நேரே கேட்கிறார்.

1996இன் இறுதியில் மரங்கள் விழத் தொடங்கின. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 1980ஆம் ஆண்டின் அரசாங்க விதிமுறைகள் உண்டு: இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணிசெய்தோர்க்கு ஆண்டொன்றுக்குப் பத்து நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குப் பதினைந்து நாள், அதற்கு மேற்பட்டோர்க்கு இருபது நாள். முப்பதாண்டு உழைத்தவருக்கு அறுநூறு நாள் சம்பளம் என்றாகிறது. தினக்கூலியின் அறுநூறு மடங்கைக் கொண்டு நகரத்தில் ஒரு வீட்டை வாங்க முடியுமா என்பதைக் கணக்கு அறியாதவரும் அறிவர். கோயில் எங்கே போகும், பள்ளி எங்கே போகும் என்பவற்றுக்கு அவ்விதிமுறைகளில் வரி இல்லை.

இவ்வேளையில் மேற்பார்வையாளர் அவருக்குப் படிக்கத் தந்தது ஓர் ஆஸ்திரிய ஆய்வு. வியன்னாவுக்கு அருகே மரியென்தால் என்ற சிற்றூரில் நெசவாலை மூடப்பட்டு ஏறத்தாழ ஊரே வேலையிழந்தபோது, மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் முதலியோர் அங்கு சென்று ஆராய்ந்து 1933இல் நூல் வெளியிட்டனர். அவர்கள் செய்த ஒரு காரியம் வியக்கத்தக்கது. தெருவில் நடப்போரின் வேகத்தை அளந்தனர். ஆண்கள் மெதுவாக நடந்தனர், அடிக்கடி நின்றனர். பெண்களுக்கு வீட்டுவேலை இருந்ததால் அவர்கள் விரைந்து நடந்தனர். ஓய்வு நேரம் பெருகியும், நூலகத்தில் இரவல் பெறுவோர் குறைந்தனர். வேலையின்மை மனிதனுக்கு நேரத்தைத் தருவதில்லை. நேரத்தின் பொருளை அழித்துவிடுகிறது என்பதை அவர்கள் அழுகுரலில்லாமல் அளவுகோலால் காட்டினர்.

அதைப் படித்தபின் அம்மாணவி தோட்டத்துச் சந்தியில் ஒரு குறிப்பேட்டோடு அமர்ந்தார். இளம்பெண்கள் சுங்கைப் பட்டாணியின் மின்னணுத் தொழிற்சாலைப் பேருந்துக்கு விரைந்தனர். ஐம்பதைக் கடந்த ஆண்கள் அதிகாலை ஐந்து மணிக்கே பழக்கத்தால் விழித்து, வெட்ட மரமில்லாமல், காப்பிக்கடை வாசல்வரை நடந்து சென்று நின்றனர். அவருடைய தந்தையாரும் அவர்களுள் ஒருவர். அக்குறிப்பில் அவர் ஓர் எண்ணாக மட்டும் பதிவானார்.

ஆய்வேடு எழுதத் தொடங்கியபோதுதான் பெரிய சிக்கல் எழுந்தது. தோட்டத்தின் உண்மைப் பெயரை எழுதலாகாது என்றார் மேற்பார்வையாளர். இது அத்துறையின் நெடுநாள் மரபு. ஜெயின் தாம் ஆராய்ந்த தோட்டத்துக்குப் பால் மெலாயு என்று புனைபெயர் சூட்டினார். தஞ்சை மாவட்டத்தில் ஆந்திரே பெத்தேய் ஆராய்ந்து 1965இல் எழுதிய ஊர் நூலில் ஸ்ரீபுரம் எனப்படுகிறது. அதே தஞ்சையில் கேத்லீன் கஃப் ஆராய்ந்த ஊர் கும்பாபேட்டை எனப்படுகிறது. ஊர்ப்பெயர் தெரிந்தால் மனிதர் தெரிவர். மனிதர் தெரிந்தால், நம்பிச் சொன்ன சொல்லுக்காக அவர்கள் துன்புற நேரும். நியாயமான காரணம்தான். கிராணி ஒருவர் கையூட்டு வாங்கியதைச் சொன்ன முதியவர் அதே ஊரில்தான் வாழ்ந்தார், அக்கிராணியும் வாழ்ந்தார்.

மகள் வீட்டுக்கு வந்து, தோட்டத்துக்கு ஒரு புனைபெயர் வைக்க வேண்டும், நல்ல பெயராகச் சொல்லுங்கள் என்று அன்னையாரிடம் கேட்டார். அன்னையாரின் முகம் மாறியது.

"எதுக்கு நம்ம தோட்டத்துப் பேர மறைக்கணும்? நாம என்ன திருடிட்டா வந்தோம்?"

இதற்கு மகளிடம் விடை இல்லை. மேற்பார்வையாளரின் நியாயமும் நியாயம். அன்னையாரின் நியாயமும் நியாயம். லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. மரங்கள் இல்லை. அங்கு எழும் குடியிருப்புக்குப் புதுப்பெயர் சூட்டப்பட்டுவிட்டது. மூன்று தலைமுறை வாழ்ந்த இடத்தில் எஞ்சியது பெயர் ஒன்றே. அதையும் ஆய்வேட்டில் மறைத்துவிட்டால் எங்கேதான் இருக்கும்? மனிதரின் பெயரை மறைப்பது ஆய்வாளர் கடமை என்பதில் ஐயமில்லை. மாண்டுபோன ஓர் ஊரின் பெயரையும் அதனோடு சேர்த்துப் புதைப்பது கடமைதானா என்பது வேறு வினா. மரியென்தால் ஆய்வாளர் ஊர்ப்பெயரை மறைக்கவில்லை. அதனாலேயே அச்சிற்றூரை இன்றும் உலகம் அறியும். சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்த எழுத்தாளர் கோ. புண்ணியவான் 'கையறு' என்ற நாவலில் சயாம் மரண இரயில்பாதைக்குச் சென்ற தோட்டத்து மக்களின் கதையை எழுதினார். இலக்கியவாதிக்கு இருக்கும் உரிமை ஆய்வாளருக்கு இல்லை. ஆய்வாளருக்கு இருக்கும் கணக்கு இலக்கியவாதிக்கு வேண்டியதில்லை. தமிழ் மாணவர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது நன்று.

இறுதியில் அவர் புனைபெயரே சூட்டினார். ஆனால் உண்மைப் பெயரோடு கூடிய குறிப்பேடுகளை எரிக்காமல் காத்தார். அதற்கும் ஒரு முன்கதை உண்டு. இந்தியச் சமூகவியலின் பெருமகனாகிய எம். என். சீனிவாஸ், 1948இல் மைசூர்ப் பகுதியின் இராம்புரத்தில் தங்கி எடுத்த குறிப்புகளைப் பலமுறை சீர்செய்து வைத்திருந்தார். 1970ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டில் அவர் தங்கியிருந்தபோது, யாரோ இட்ட தீயில் அவை கருகின. மனமுடைந்த அவர், நினைவையே துணையாகக் கொண்டு அவ்வூரைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1976இல் வெளியான அந்நூல் அத்துறையின் மிகச் சிறந்த நூல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. நினைவு துணை நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் சீனிவாஸின் நினைவு வாய்ப்பதில்லை. குறிப்பேட்டைப் பத்திரமாக வைப்பதே மேல்.

இனி அன்னையார் கேட்ட சம்பளத்துக்கு வருவோம். இப்படிப்பு எங்கே கொண்டு சேர்க்கும் என்று வினவும் மாணவர்க்கு உயர்ந்த எடுத்துக்காட்டுகள் சிலவற்றைக் காட்டலாம். பீடோங்கில் 1947இல் பிறந்த சந்திரா முசாபர், சமூகவியலுக்கு அண்டை வீடான அரசியலியலில் முனைவர் பட்டம் பெற்று, அறிவியல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றி, 1977இல் பினாங்கில் அலிரான் என்ற சீர்திருத்த இயக்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டப்பிள்ளைகளின் கல்வியை ஆராய்ந்த தி. மாரிமுத்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் கல்விச் சமூகவியல் பேராசிரியராக இருந்து, பின்னர் நாடாளுமன்றத்துக்கும் சென்றார். தோட்டத் தொழிலாளரைப் பற்றி 1994இல் நூலெழுதிய பேராசிரியர் பி. இராமசாமி, 2008 முதல் 2023 வரை பினாங்கின் துணை முதலமைச்சர்களுள் ஒருவராகப் பணியாற்றினார். சமூகவியலாளரான டெனிசன் ஜெயசூரியா மனித உரிமை ஆணையத்தின் உறுப்பினராக இருந்தார். அலாத்தாஸ் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

ஆனால் மலையுச்சியை மட்டும் காட்டி மாணவரை அழைப்பது நேர்மையாகாது. பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிகள் சிலவே. அவற்றுக்கு முனைவர் பட்டம் வேண்டும். அதுவும் பெற்றபின் காத்திருக்க வேண்டும். சமூகவியல் பட்டம், மருத்துவப் பட்டத்தைப்போல ஒரு குறிப்பிட்ட கதவைத் திறக்கும் சாவியன்று. பல கதவுகளைத் தட்டும் உரிமையை மட்டுமே தரும். அம்மாணவியோடு பயின்றோருள் ஒருவர் தொழிற்சாலையின் ஆள்வளப் பிரிவிலும், ஒருவர் கோலாலம்பூரில் சந்தை ஆய்வு நிறுவனத்திலும், ஒருவர் பள்ளி ஆலோசகராகவும் அமர்ந்தனர். ஒருவர் காப்புறுதி விற்றார். புள்ளியியல் இலாகா, மக்கள்தொகை வாரியம், சிறைச்சாலை இலாகா, அரசு சாரா அமைப்புகள் ஆகியவையும் இப்பட்டதாரிகளைச் சேர்த்துக்கொள்கின்றன. கவனித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். கோட்பாடுகளை மட்டும் கற்றவர் திண்டாடினர். புள்ளியியலும், கணினியில் தரவுகளைக் கையாளும் முறையும், பிழையின்றி அறிக்கை எழுதும் மலாயும் ஆங்கிலமும் சேர்த்துக் கற்றவர் பிழைத்துக்கொண்டனர். எண்ணைக் கண்டு அஞ்சிக் கலைத்துறைக்கு வரும் மாணவர், முதுகலையில் அதே எண்ணிடம்தான் மீண்டும் வந்து சேர வேண்டியிருக்கும்.

அவரோ ஈராண்டு ஒப்பந்த ஆய்வு உதவியாளராக அலைந்தபின் சமூகநல இலாகாவில் அதிகாரியானார். 1946இல் தொடங்கப்பெற்ற இலாகா அது. 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி, குற்றம் செய்த சிறுவனுக்கு என்ன தீர்ப்பளிப்பது என்று நீதிமன்றம் முடிவெடுக்கும் முன், நன்னடத்தை அதிகாரி அவனைப் பற்றி அறிக்கை தர வேண்டும். வீடு, குடும்பம், பள்ளி, நண்பர், வருமானம் யாவற்றையும் விசாரித்து எழுத வேண்டும். அவர் மேசைக்கு வந்த தமிழ்ச் சிறுவர் சிலரின் வீட்டு முகவரி ஏதோ ஒரு மலிவு விலை அடுக்குமாடியாக இருந்தது. தாத்தா எங்கே வேலை செய்தார் என்று கேட்டால் ஒரு தோட்டத்தின் பெயர் வந்தது. மூடப்பட்ட தோட்டங்களின் பெயர்களை அவர் அவ்வாறு மீண்டும் கேட்டார். களப்பணியில் கற்றது அங்கே கைகொடுத்தது. சிறுவன் பேசாதிருக்கும்போது காத்திருக்கத் தெரிந்தது. தாயிடம் வினாத்தாளை நீட்டாமல், முதலில் காப்பியைக் குடித்துவிட்டுப் பேசத் தெரிந்தது. அவ்வறிக்கைகளிலும் பெயர்கள் வெளியிடத்தக்கவை அல்ல. அவரது எழுத்தைப் படிப்பவர் மிகச் சிலரே. எனினும் ஒரு சிறுவன் வீட்டுக்குத் திரும்புவதா, இல்லத்துக்கு அனுப்பப்படுவதா என்பது அந்த நான்கு பக்கங்களைப் பொறுத்திருந்தது.

1998இல் ஆய்வேடு கட்டப்பெற்று வந்த அன்று, ஒரு படியை அவர் வீட்டுக்குக் கொண்டு சென்றார். வாடகைக்குப் பிடித்த சுங்கைப் பட்டாணி வீடு அது. அன்னையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏடுகளைப் புரட்டினார். மலாய்ப் பக்கங்கள் கடந்து சென்றன. கடைசியில் பின்னிணைப்பு வந்தது. அங்கே தமிழ் எழுத்தைக் கண்டதும் விரல் நின்றது. எழுத்துக்கூட்டிப் படித்தார்: பெரட்டு, மங்கு, காண்டா, உளி, கட்டிப்பால், ஒட்டுப்பால்.

"ஒட்டுப்பாலுக்கு என்னா எழுதியிருக்கே?"

"மங்குல உறைஞ்சு கெடக்கிற பாலுன்னு எழுதியிருக்கேம்மா."

"மங்குல உறையிறது கட்டிப்பால். கோட்டுல, பட்டையோட ஒட்டிக் காய்ஞ்சு கெடக்குமே, அத உரிச்சு எடுக்கிறதுதான் ஒட்டுப்பால். மாத்தி எழுதிட்டே. முப்பது வருசம் உரிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

மூன்று தேர்வாளர் அப்பக்கத்தைப் பார்த்து ஒப்பமிட்டிருந்தனர். பல்கலைக்கழக நூலகத்துக்குரிய படிகள் போய்ச் சேர்ந்துவிட்டன. மகள் பென்சிலை எடுத்து, வீட்டுப் படியில் அவ்விரு வரிகளையும் அடித்துத் திருத்தினார். அன்னையார் பென்சிலை வாங்கி, முதற்பக்கத்தில், புனைபெயர் அச்சாகியிருந்த இடத்துக்கு மேலே, மூன்றாம் வகுப்புக் கையெழுத்தில் தோட்டத்தின் பெயரை எழுதினார்.